வேலையிடம் கற்றுத்தந்த அரசியல்: போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அ. சிவானந்தன்

 

லண்டன் என்ற ஊரை நாம் அண்ணல் அம்பேத்கர் வழியாக அறிந்தவர்கள். 1916இல் அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அடுத்த ஆண்டே படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920இல் மறுபடியும் போய் முடித்துவிட்டு வந்தார். அங்கிருந்த நூலகங்களில் அவர் செலவிட்ட நேரத்தைப் பற்றிப் பேசாத அம்பேத்கர் விழா நம்மிடையே கிடையாது. அவர் மாணவராகப் போனவர். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிப் போராடியவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அதே லண்டனுக்கு வேறு வகையான மனிதர்கள் போனார்கள். படிக்கப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஒரு தமிழர். நூலகத்தில் புத்தகம் கேட்டு உட்காரும் இடத்தில் அல்லாமல், அங்கே வேலை செய்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் இடத்தில் அவர் தொடங்கினார். அம்பலவாணர் சிவானந்தன் என்ற அந்த மனிதரைப் பற்றியும், அவரோடு அந்தக் காலத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரசியல் செய்த இளைஞர்களைப் பற்றியும் இந்த நினைவுப் பொழிவில் பேச விரும்புகிறேன். சாதி எதிர்ப்பு அவருடைய எழுத்தின் மையப்பொருள் அல்ல. ஆனாலும் நாம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி அவர் வாழ்க்கையில் இருக்கிறது: நம்மைப் பற்றிய அறிவு யார் கையில் இருக்கிறது?

ஆள் தேவை, மனிதர் வேண்டாம்

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். போரில் பிரிட்டன் வென்றது. ஆனால் ஊர்கள் இடிந்து கிடந்தன, தொழிற்சாலைகளுக்கு ஆள் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின்படி காலனி நாடுகளிலும் காமன்வெல்த் நாடுகளிலும் பிறந்தவர்கள் பிரிட்டனில் வந்து வாழலாம், வேலை பார்க்கலாம். அதே ஆண்டு ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலில் கரீபியத் தீவுகளின் மக்கள் டில்பரி துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1956 முதல் லண்டன் போக்குவரத்துத் துறை பார்படோஸ் தீவுக்கே ஆளனுப்பி ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவமனைகளுக்குச் செவிலியர், இரும்பு வார்ப்படச் சாலைகளுக்குப் பஞ்சாபியர், நூல் ஆலைகளின் நைட் ஷிஃப்டுக்குப் பாகிஸ்தானியர் என்று ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு காலனியிலிருந்து ஆளெடுத்தது.

ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் மாலையில் வேலை முடிந்து போய்த் தங்கும் வீடு, குடிக்கும் மதுக்கடை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வரும்போது கதவு மூடப்பட்டது. கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று எழுதிப்போட்டது சட்டக் குற்றமாகவும் இல்லை. இன உறவுச் சட்டம் 1965இல்தான் வந்தது. வீடும் வேலையும் அதன் வரம்புக்குள் வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவருடைய உழைப்பை வாங்கிக்கொண்டு அவரை ஊருக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் உறவு அதுதான்.

1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வேலைச் சீட்டு இருந்தால்தான் வரலாம் என்றது. 1968இல் கென்யாவிலிருந்து வந்த ஆசியர்களைத் தடுக்க இன்னொரு சட்டம் சில நாட்களுக்குள் நிறைவேறியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற வந்தவரை, வேலை முடிந்தால் திரும்பிப் போகவேண்டிய ஒப்பந்தக் கூலி என்ற நிலைக்குத் தள்ளியது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் குடும்பமாகத் தங்கக்கூடாது என்பதே இந்தச் சட்டங்களின் பொருள் என்று பின்னாளில் விளக்கி எழுதியவர் சிவானந்தன்.

வங்கி மேலாளர் தேநீர் கொடுத்தார்

சிவானந்தன் 1923 டிசம்பர் 20 அன்று கொழும்பில் பிறந்தார். குடும்பத்தின் ஊர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். தந்தை அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். மகன் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றார். மலையகத்தில் ஆசிரியர் வேலை பார்த்தார். அங்கே தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் நம் வடமாவட்டங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகளால் கொண்டுபோகப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. பின்னர் சிவானந்தன் இலங்கை வங்கியில் சேர்ந்து மேலாளராக உயர்ந்தார். சிங்களக் கத்தோலிக்கப் பெண்ணை மணந்தார்.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958 மே மாதத்தில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் இருக்க முடியாது என்று முடிவுசெய்து அவர் லண்டன் வந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர்கள் கும்பல் கும்பலாகக் கரீபிய மக்களின் வீடுகளைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். சிங்களக் கும்பலிடமிருந்து தப்பி வந்தவர் வெள்ளைக் கும்பலின் நடுவே வந்து இறங்கினார். ஒரே ஆண்டில், இரண்டு நாடுகளில், இரண்டு கலவரங்கள். கொழும்பில் தமிழன் என்று அடித்தார்கள். லண்டனில் அவர்கள் பார்த்தது தோலின் நிறத்தை மட்டும்தான்.

வங்கி மேலாளராக இருந்தவருக்கு லண்டனில் அந்த வேலை கிடைக்கவில்லை. பட்டமும் அனுபவமும் கடல் தாண்டியதும் செல்லாக் காசாயின. மிடில்செக்ஸ் பகுதியின் பொது நூலகம் ஒன்றில் தேநீர் கொடுக்கும் எடுபிடி வேலையில் சேர்ந்தார். வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மூன்று குழந்தைகள். வேலை பார்த்துக்கொண்டே நூலகவியல் படித்துத் தகுதி பெற்றார்.

தகுதிக்குக் கீழான வேலையில் உட்காரும் அனுபவம் நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கும் தெரியும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அலுவலகம் வேறு மாதிரி தெரியும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யாருடைய கோப்பு நகர்கிறது, யாருடைய கோப்பு தூங்குகிறது என்பதை மேசைக்கு முன்னால் உட்காருபவரைவிட மேசையைத் துடைப்பவர் நன்றாக அறிவார். அப்படிக் கற்ற அரசியலைத்தான் சிவானந்தன் அடுத்த வேலையிடத்துக்குக் கொண்டுபோனார்.

ஒரு நூலகர் ஒரு நிறுவனத்தைத் திருப்பிய கதை

1964இல் அவர் லண்டனில் இன உறவுகள் நிறுவனத்தின் தலைமை நூலகர் ஆனார். அந்த நிறுவனம் என்ன என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். 1952இல் சாத்தம் ஹவுஸ் எனப்படும் சர்வதேச விவகார நிறுவனத்தின் ஒரு பிரிவாக அது தொடங்கியது. 1958இல் தனி நிறுவனமாயிற்று. அதன் இயக்குநர் பிலிப் மேசன், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். ஆட்சிக்குழுவில் பெருநிறுவனங்களையும் அரசுவட்டாரத்தையும் சேர்ந்த பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் அறக்கட்டளைகளின் பணம் வந்தது. காலனிகள் விடுதலை பெற்ற பிறகு அங்கே தங்கள் நலன்களை எப்படிப் பாதுகாப்பது, உள்நாட்டில் குடியேறியவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதே அவர்களுடைய ஆராய்ச்சிக் கவலை. கறுப்பு மக்கள் அங்கே ஆய்வுப் பொருளாக இருந்தார்கள். ஆய்வு யாருக்குப் போகிறது என்றால், அரசுக்குப் போகிறது.

அங்கே நூலகத்தைச் சிவானந்தன் வளர்த்த விதம் வேறாக இருந்தது. விடுதலை இயக்கங்களின் துண்டுப் பிரசுரங்கள், குடியேறியவர்களின் சங்கங்கள் வெளியிட்ட சிறு ஏடுகள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவை அடுக்குகளில் ஏறின. தெருவில் போராடிக்கொண்டிருந்த இளைஞர்கள் அதைத் தேடி வந்தார்கள். வழக்கமாக நூலகர் என்றால் கேட்டதை எடுத்துக் கொடுப்பவர். எதைச் சேர்ப்பது, எதற்குத் தனித் தலைப்புப் போடுவது, யாரை உள்ளே அனுமதிப்பது என்று முடிவுசெய்பவரும் அவர்தான். பட்டியல் போடும் வேலைக்குள் இவ்வளவு அதிகாரம் ஒளிந்திருப்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

1968 ஏப்ரலில் ஈனக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குடியேறியவர்களுக்கு எதிராக ஒரு நச்சுப் பேச்சுப் பேசினார். அவருக்கு ஆதரவாக லண்டன் துறைமுகத் தொழிலாளர்களே ஊர்வலம் போனார்கள். அந்த நேரத்தில் நடுநிலை என்ற பெயரில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருக்க முடியுமா என்ற கேள்வி நிறுவனத்துக்குள் எழுந்தது. நிறுவனத்தின் போக்கை விமர்சித்து ஊழியர் ஒருவர் எழுதினார். நிறுவனம் நடத்திய 'ரேஸ் டுடே' இதழும் கூர்மையாக எழுதத் தொடங்கியது. ஆட்சிக்குழு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கவும் இதழை நிறுத்தவும் முனைந்தது. ஊழியர்கள் உறுப்பினர்களிடம் போனார்கள். 1972 ஏப்ரலில் கூடிய பொதுக்குழுவில் உறுப்பினர்கள் ஊழியர்களின் பக்கம் நின்றார்கள். ஆட்சிக்குழு வெளியேறியது.

அதோடு பணமும் வெளியேறியது. நடுநகரின் வசதியான கட்டடத்தை விட்டு, கிங்ஸ் கிராஸ் பக்கம் பென்டன்வில் சாலைக்கு நூலகம் போனது. சம்பளம் கொடுக்கப் பணமில்லை. தொண்டர்களின் உழைப்பில் நிறுவனம் நடந்தது. 1973இல் சிவானந்தன் இயக்குநரானார். 'ரேஸ்' என்ற பழைய ஆய்விதழ் 1974 முதல் 'ரேஸ் அண்டு கிளாஸ்' என்ற பெயரில் வெளிவந்தது, இன்றும் வருகிறது. 'ரேஸ் டுடே' தனியாகப் பிரிந்து பிரிக்ஸ்டனுக்குப் போய் டார்கஸ் ஹவ் ஆசிரியப் பொறுப்பில் இயங்கியது. தேநீர் கொடுப்பவராகத் தொடங்கியவர் நிறுவனத்தையே திருப்பினார் என்று இதை ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையாகச் சொல்வது எளிது. உண்மையில் அது ஊழியர்கள் சேர்ந்து செய்த காரியம். தலைவர் வந்து விடுவிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தாங்கள் வேலை பார்த்த இடத்திலேயே பிடித்தார்கள்.

இளைஞர்கள் கற்ற பாடம்

அந்த ஊழியர்கள் தனித்து நிற்கவில்லை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பிரிட்டன் முழுவதும் வேலையிடங்களில் இளைஞர்கள் நடத்திய போராட்டங்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்தன.

1963இல் பிரிஸ்டல் நகரத்தின் பேருந்து நிறுவனம் கறுப்பரையும் ஆசியரையும் பேருந்துப் பணியாளராக எடுக்க மறுத்தது. தொழிற்சங்கமும் அந்தத் தடையை ஆதரித்தது. கை பெய்லி என்ற பதினெட்டு வயது ஜமைக்கா இளைஞரை நேர்காணலுக்கு அழைத்த நிறுவனம், அவர் கரீபியர் என்று தெரிந்ததும் நேர்காணலை ரத்துசெய்தது. இளைஞர் நலப் பணியாளரான பால் ஸ்டீபன்சனும் நண்பர்களும் பேருந்தில் ஏறுவதில்லை என்ற புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நான்கு மாதங்களில், ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் பணிந்தது. முதலில் வேலைக்கு எடுக்கப்பட்டவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். கறுப்பர் தொடங்கிய போராட்டத்தில் முதல் வேலை ஓர் இந்தியருக்குப் போனது. அதைக் குறையாக யாரும் எண்ணவில்லை.

பஞ்சாபிலிருந்து வந்து வார்ப்படச் சாலைகளில் வேலை பார்த்த இளைஞர்கள் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் திரண்டார்கள். நிற வேறுபாடு காட்டும் மதுக்கடைகளுக்குள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். 1965 பிப்ரவரியில், தாம் கொல்லப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, மால்கம் எக்ஸ் அவர்களுடைய அழைப்பில் ஸ்மெத்விக் நகரத்துக்கு வந்தார். 1972இல் லஃபரோவில் மான்ஸ்ஃபீல்ட் ஹோசியரி ஆலையிலும், 1974இல் லெஸ்டரில் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் தொழிற்சாலையிலும் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளியை எதிர்த்ததோடு, தங்களை ஆதரிக்காத தொழிற்சங்கத்தையும் அவர்கள் எதிர்க்கவேண்டியிருந்தது. 1976 ஜூனில் சவுத்தாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற பதினெட்டு வயது மாணவர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டபோது, பெரியவர்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்க, இளைஞர்கள் சவுத்தால் இளைஞர் இயக்கத்தை உருவாக்கினார்கள்.

இந்தப் போராட்டங்களையெல்லாம் தொகுத்து 1981இல் சிவானந்தன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்க, கரீபிய, ஆசிய மக்கள் எல்லோரும் அக்காலத்தில் தங்களைக் 'கறுப்பர்' என்று அழைத்துக்கொண்டார்கள். அது தோலின் நிறம் அல்ல, அரசியலின் நிறம் என்பது அவருடைய விளக்கம். ஆலையிலும் தெருவிலும் ஒன்றாக அடிபட்டவர்கள் ஒன்றாக நின்று உண்டாக்கிய பெயர் அது. 'தலித்' என்ற சொல்லும் அப்படிப் போராட்டத்தில் உருவானதே. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கிய இளைஞர்கள் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்தே அந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

ஒற்றுமைக்குள் ஒளிந்த சாதி

இந்த இடத்தில் நாம் நம்முடைய கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்தக் 'கறுப்பு' ஒற்றுமைக்குள் சாதி எங்கே போனது?

அது எங்கும் போகவில்லை. பஞ்சாபின் தோவாபா பகுதியிலிருந்து பிரிட்டனுக்குப் போனவர்களில் தலித்துகள் கணிசமாக இருந்தார்கள். ஒரே வார்ப்படச் சாலையில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தும் குருத்வாராவிலும் திருமணப் பேச்சிலும் சாதி தலைகாட்டியது. அவர்கள் தனியாக ரவிதாஸ் சபைகளையும் அம்பேத்கரிய, பௌத்த அமைப்புகளையும் உருவாக்கிக்கொண்டார்கள். வெள்ளையர் கண்ணுக்கு எல்லோரும் ஒரே நிறம். தங்களுக்குள் அப்படி இல்லை.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். சிவானந்தன் லண்டனில் இன உறவுகள் நிறுவனத்து நூலகத்தை வளர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவருடைய குடும்பத்து ஊர்ப் பக்கத்தில் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைய ஒடுக்கப்பட்டவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 1966 அக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் நுழைவுப் போராட்டம் நடந்தது. லண்டனில் ஒரு தமிழர் தேநீர் கொடுக்கும் வேலைக்குத் தள்ளப்பட்டதை நாம் அநீதி என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழருக்குத் தேநீர் கொடுக்கவே இன்னொரு தமிழர் மறுத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

அந்த யாழ்ப்பாணத்திலும் வேலையிடத்திலிருந்தே ஓர் அரசியல் எழுந்தது. டொமினிக் ஜீவா முடிதிருத்தும் சலூனில் வேலை பார்த்தவர். இளமையில் பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தவர், ப. ஜீவானந்தத்தின் மீதிருந்த ஈடுபாட்டால் தம் பெயரில் ஜீவாவைச் சேர்த்துக்கொண்டவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்பு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதியதும் அந்தப் போராட்டங்களின் சூட்டில்தான். சிவானந்தனின் நூலகமும் ஜீவாவின் சலூனும் ஒரே காலத்தின் இரண்டு வேலையிடங்கள். முதலாவதை உலகம் அறியும். இரண்டாவதை உலகுக்குச் சொல்லவேண்டியவர்கள் நாம்.

சாதியை ஒதுக்கிவைத்த ஒற்றுமை என்ன விலை கேட்கும் என்பதை சென்னை முன்பே பார்த்துவிட்டது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஒற்றுமை பேசப்பட்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் தனி நிலைமையும் வறுமையும் கணக்கில் எடுக்கப்படவில்லை. அவர்கள் வேலைக்குத் திரும்பியதும் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா நீதிக்கட்சியிலிருந்து விலகியதற்குப் பின்னால் அந்தச் சாம்பலும் இருக்கிறது.

பிரிட்டனில் இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 2013இல் சேர்த்தே ஆகவேண்டும் என்று திருத்தினார்கள். 2018இல் தனிச்சட்டம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு பின்வாங்கியது. அரசு சுட்டிக்காட்டிய தீர்ப்பு, பீகாரிலிருந்து வீட்டுவேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கில் வந்தது. சட்டம் செய்யாததை ஒரு வீட்டுவேலைத் தொழிலாளி வழக்காடிப் பெற்றார்.

நமக்குரிய வேலை

சிவானந்தன் 2018 ஜனவரி 3 அன்று மறைந்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1997இல், இலங்கையின் மூன்று தலைமுறைகளைப் பற்றிய ஒரு நாவலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் எழுதிய அந்த நாவலின் தலைப்பே நினைவு இறந்துபோவதைப் பற்றியது. நூலகத்தில் வாழ்ந்தவருக்கு அந்தப் பயம் இருந்ததில் வியப்பில்லை.

நமக்கும் அந்தப் பயம் வேண்டும். மயிலாப்பூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இராயப்பேட்டையில்தான் 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' பிறந்தது. சித்த மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் வாரந்தோறும் ஓர் இதழைக் கொண்டுவந்தார். அதற்கும் முன்பு, நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு வந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அவர்களும் வேலையிடத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்களே. ஆனால் பண்டிதரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 1999இல் நம் கைக்கு வரும்வரை, தமிழ்நாட்டின் அறிவுலகம் அவரில்லாமலேயே தன் வரலாற்றை எழுதிக்கொண்டது. பட்டியல் போடுபவர் கையில் இருக்கும் அதிகாரம் இதுதான். அடுக்கில் வைக்காததை யாரும் தேடமாட்டார்கள்.

இன்று இந்த நகரத்தில் ஓய்வுபெற்று வாழும் நம் முதல் தலைமுறை ஊழியர்கள் ஏராளம். தேனாம்பேட்டை அலுவலகங்களில் எழுத்தராக, ரயில்வே பணிமனையில் தொழிலாளியாக, மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளராக, விடுதிக் காப்பாளராக, நூலக உதவியாளராக இருந்தவர்கள். சங்கக் கூட்ட அறிவிப்புகள், பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது எழுதிய மனுக்கள், இரவுப் பள்ளிக் கணக்குகள், நின்றுபோன கையெழுத்துப் பிரதிகள் ஆகியவை அவர்களுடைய வீட்டுப் பரணில் இருக்கின்றன. வீடு மாறும்போதும், வாரியக் குடியிருப்புக்கு அப்புறப்படுத்தப்படும்போதும், அவை பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன.

ஆகவே இந்தப் பொழிவின் முடிவில் ஒரு வேலையை முன்வைக்கிறேன். இங்கிருக்கும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற ஒருவரிடம் போய் உட்காருங்கள். முதல் நாள் வேலைக்குப் போனபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். தண்ணீர்ப் பானை தனியாக இருந்ததா, எந்தச் சங்கம் கூட நின்றது, எது நழுவியது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவரிடம் இருக்கும் தாள்களைத் தேதி போட்டு, தலைப்பு எழுதி, உறையில் வையுங்கள். நம் அமைப்புகள் அதற்கு ஓர் அறையும் இரண்டு அடுக்குகளும் ஒதுக்கட்டும். பெரிய பணம் தேவையில்லை. பென்டன்வில் சாலையில் பணமில்லாமல்தான் தொடங்கினார்கள்.